சர்க்கரை தீர்ந்த பின்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும், அப்புறம் ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்து உறிஞ்சியே மீதிக் காலத்தை ஓட்டிவிடுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சவரிநாதன் என்று ஒரு பேக்கரிக்காரன். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன், அக்காள் ஜெர்மேனோடு ஒரே வீட்டில் இருப்பவன், முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இவன் ஒரு பேசின் மாவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே நடந்தது அவ்வளவுதான். மண்டைக்குள் நடந்தது இருக்கிறதே, அதைத்தான் சொல்லப்போகிறேன். அடுத்தவன் மண்டைக்குள் நடந்தது உமக்கெப்படி ஐயா தெரியும் என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். நான் ஆரம்பிக்கிறேன்.

மாவு நின்றுவிட்டது. முதலில் நன்றாகத்தான் கிளம்பியது. ஈரத்துணிக்குக் கீழே பூரித்துக்கொண்டு பேசினில் கொஞ்சம் ஏறி, ஆகா என்று சவரி கைதட்டப்போகிற நேரத்தில், நின்றது நின்றதுதான். துணியைத் தூக்கிப் பார்த்தான். மூடினான். மூடின கையாலேயே மறுபடி தூக்கினான். விரலால் ஒரு அழுத்து அழுத்தினான், குழி விழுந்த இடம் குழியாகவே இருந்தது, திரும்பி மேலே வரவேண்டும் என்கிற எண்ணமே அதற்கு இல்லை. செத்துப்போச்சா? ஈஸ்ட் சாகுமா? சாகும், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் சாகும், ஆனால் நான் வெதுவெதுப்பாகத்தானே ஊற்றினேன், முழங்கையைக் கூட முக்கிப் பார்த்தேனே, கைக்குழந்தைக்குத் தண்ணி விளாவுகிறவர்கள் பார்க்கிற மாதிரி. உப்பு கூடிப்போச்சா? மாவைக் கிள்ளி நாக்கில் வைத்தான். உப்பு சரி. இனிப்பு இல்லை. ஆமாம், இனிப்பு இல்லை, அதுதானே இந்த ரொட்டியின் லட்சணம், மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், வேறெதுவும் கிடையாது, பிரெஞ்சுக்காரன் நீட்டு ரொட்டி. பிறந்ததிலிருந்து சவரி சர்க்கரை போடாமல் மாவு பிசைந்ததில்லை. தேங்காய் பன், ஜாம் பன், கிரீம் பன், ரஸ்க்கு. அவன் கடையில் உப்பு பிஸ்கட்டே இனிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. இன்றைக்கு நாலு மணிக் கோயில் மணி அடித்ததும், வாரா வாரம் கடைக்கு ஈஸ்ட் வாங்க வருகிற லெயோனி வருகிறாள். தனியாக இல்லை, தாய்மாமன் குஸ்தாவ் முசேயை, முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, கூட்டிக்கொண்டு வருகிறாள். சர்க்கரையே இல்லாத ரொட்டி ஒன்று செஞ்சு வைங்க, சாப்பிட்டுட்டு சொல்றேன் என்று சொல்லியிருக்கிறாள். எதைச் சொல்கிறாள்? ரொட்டி நன்றாயிருக்கிறதா என்பதையா? கல்யாணத்துக்குச் சரியா இல்லையா என்பதையா? இவன் கேட்டது கல்யாணத்தைப் பற்றி. அவள் பதில் சொன்னது ரொட்டியைப் பற்றி. கேட்ட அன்றிலிருந்து சவரிக்கு இரண்டும் ஒன்றாகிப்போனது. ரொட்டி எழும்பினால் கல்யாணம். எழும்பாவிட்டால் ஜாம் பன்.

"இன்னாடா, பிணத்துக்குக் காவல் இருக்கறவன் மாதிரி குந்திகினு இருக்க?" என்றாள் ஜெர்மேன் அக்கா, வாசற்படியில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே. "எழும்பலக்கா." "ஒரு கை சக்கரை போடு, எழும்பும்." "போடக்கூடாதுக்கா." "அவ இன்னா நாக்குல மிஷினா வச்சிருக்கா?" மிஷின்தான் வைத்திருக்கிறாள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஒரே கடியில் கண்டுபிடிச்சிடுவேன் என்றாளே. கடை வாசலில் நின்று, குடையை மடக்கிக்கொண்டே, இந்த ஊர்ல ரொட்டின்னு பேர் வச்சு எல்லாரும் கேக்குதான் விக்கிறீங்க, எனக்கு ஒரே கடியில தெரிஞ்சிடும் என்று சிரித்தாளே. சிரிக்கும்போது முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு அரிசி நுழையும். அந்தச் சந்தைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் யோசித்திருக்கிறான். ஒரே கடியில். ஒரே கடியில். கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறவள், அதுவும் ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் வைத்துத்தான் டாக்டர் பட்டமே வாங்கினவள், அவளிடம் போய்ச் சர்க்கரையை ஒளிக்கிறதா? அது சாமியார் வீட்டுக் கோழியைத் திருடி, அதே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற மாதிரி. ஆனால் ஒரு கை. ஒரே ஒரு கை. ரொட்டியில் கரைந்துபோய் மேலே நிறமாக மட்டும் நிற்கும். நிறம். ஐயோ, நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாளே, ஒரு கடிகூட வேண்டாம்.

அவள் முதன்முதலில் வந்தது லேபுக்கு ஈஸ்ட் கேட்டு. "செத்த ஈஸ்ட் வேணாம், உயிரோட இருக்கறது வேணும்" என்றாள். இவனுக்குச் சுருக்கென்றது. "எங்கிட்ட எல்லாமே உயிரோடதான் மேடம் இருக்கு, எங்கக்கா உட்பட" என்றான். அன்றைக்குத்தான் அந்தச் சந்தை முதலில் பார்த்தான். அப்புறம் வாரா வாரம் வந்தாள். வாங்கிக்கொண்டு போனால் போகக்கூடாதா, நின்று பேசுவாள், பேச ஆரம்பித்தால் கை இரண்டும் வௌவால் மாதிரி பறக்கும், ஒருநாள் ரஸ்க்குத் தட்டு ஒன்று அந்தக் கையில் அடிபட்டுப் பறந்து தெருவில் போன பால்காரன் சைக்கிள் கேரியரில் அலுங்காமல் போய் உட்கார்ந்தது. நம்பாவிட்டால் போங்கள், பால்காரனைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிசைகிற மேசையில் மாவு தூவிக் கிடந்தது, அதில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். "இது ஒரு ஈஸ்ட்டுன்னு வச்சுக்குங்க சவரி சார். சுத்திக் கதவு. ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒரு கதவு, உள்ள அதை வெட்டறதுக்குன்னு ஒரு நொதி, கத்தின்னு வச்சுக்குங்களேன். குளுக்கோஸுக்கு ஒரு கதவு, மாவுலேர்ந்து வர்ற மால்ட்டோஸுக்கு வேற கதவு, பாலுல இருக்கறதுக்கு இன்னொண்ணு. ஆனா எல்லாக் கதவையும் எப்பவும் வச்சிக்காது, கஞ்சம்! சுலபமான இனிப்பு கிடைக்குதுன்னு தெரிஞ்சா போதும், மத்த கத்தி எதையும் செய்யாதேன்னு உள்ள ஒரு உத்தரவு போயிடும். அதுக்கும் மேல ஒண்ணு செய்யும் பாருங்க..." குரலைத் தாழ்த்தினாள், ஊர் வம்பு சொல்கிறவள் மாதிரி. "மால்ட்டோஸ் கதவு ஏற்கெனவே இருந்துச்சுன்னா, அதைப் பேத்து உள்ள இழுத்துத் தின்னுடும்." "கதவையா?" "கதவையேதான்! சொந்தக் கதவை!" அவள் முகம் சிவந்துபோயிருந்தது. ஈஸ்ட் கதவைத் தின்பதற்கு ஒரு பொம்பளை இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று சவரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்த வட்டத்தை அவன் இரண்டு நாள் அழிக்கவில்லை. மேசையின் மறுபாதியிலேயே பன் உருட்டினான். மூன்றாம் நாள் அக்கா துடைத்துவிட்டாள்.

கதவையே தின்றுவிடும். அன்றிலிருந்து சவரிக்கு இதுதான் பயம், மாவைப் பற்றிய பயம் இல்லை, தன்னைப் பற்றிய பயம். சாப்பிட உட்கார்ந்தால் அக்கா மீனுக்கு முள் எடுத்து வைப்பாள். நாற்பத்தாறு வயதில் அவனுக்கு முள் எடுக்கத் தெரியாது. சங்கரா, கிழங்கான், எதுவானாலும் வெள்ளைச் சதையாகத்தான் தட்டுக்கு வரும், முள் என்று ஒன்று மீனில் இருக்கிறது என்பதே அவனுக்குக் கேள்வி ஞானம். சட்டைக்குப் பொத்தான் அக்கா. காய்ச்சலுக்குக் கஷாயம் அக்கா. காரைக்காலில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனபோது என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அக்காதான், அவள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பஸ்ஸிலேயே மறந்துபோய், அந்தப் பெண்ணிடம் சோடா உப்பைப் பற்றியே பேசிவிட்டு வந்தான். சுலபமான இனிப்பு பக்கத்திலேயே இருந்தால் மற்றதற்கெல்லாம் கத்தி எதற்கு என்று இவன் உடம்புக்குள்ளும் யாரோ உத்தரவு போட்டிருக்கவேண்டும். கதவு இருந்திருக்கும். இருபது வயதில் இருந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் வெறும் சுவர். லெயோனி நாளைக்கு ஒரு முழு மீனைத் தட்டில் வைத்தால்? முள்ளோடு? தொண்டையில் குத்தி, ஆஸ்பத்திரியில், டாக்டர் கேட்பார், என்ன ஆச்சு. கல்யாணம் ஆச்சு டாக்டர். சவரிக்கு அந்த இடத்திலேயே தொண்டையில் ஏதோ குத்தியது. எச்சில் விழுங்கிப் பார்த்தான். சுலபமாகத்தான் இறங்கியது.

இனிப்பு. அவன் கை துணியின் மேலேயே நின்றது. இனிப்பு! ஐயோ, இந்த ஈஸ்ட்டுக்கு நான் என்ன ஊட்டினேன்? வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து என்ன ஊட்டினேன்? பேக்கரிக்காரன் யாரானாலும் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டுத்தான் எழுப்புவான், ஒரு ஸ்பூன், சிறிது நேரம், நுரை கட்டினதும் மாவில் ஊற்றிவிடுவான். ஆனால் இது லெயோனிக்கான ஈஸ்ட் ஆயிற்றே, தனிக் குண்டான், தனித் துணி, வியாழக்கிழமை ஒரு ஸ்பூன், நுரைத்தது, அடடா என்னமாய் நுரைக்கிறது என்று இன்னொன்று, படுக்கப்போகுமுன் ஒன்று, விடிந்ததும் ஒன்று, குளிக்கப்போனால் ஒன்று, குளித்துவிட்டு வந்தால் ஒன்று, ராஜா, என் தங்கமே, நல்லா சாப்பிடு, சனிக்கிழமை நீதான் என் மானத்தைக் காப்பாத்தணும் என்று கொஞ்சிக் கொஞ்சி, பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்டுகிற மாதிரி ஊட்டி, அப்புறம் இன்றைக்குக் காலையில் அதைத் தூக்கிச் சர்க்கரையே இல்லாத மாவில் போட்டால்! மைதாவில் கிடந்த துளி இனிப்பைத் தின்று கொஞ்சம் எழும்பியிருக்கிறது. அது தீர்ந்தது. இனிமேல் இருப்பது மால்ட்டோஸ் மட்டும், மாவு தானாக உடைந்து உடைந்து தருகிற சர்க்கரை, பேசின் நிறைய இருக்கிறது, சுற்றிலும் இருக்கிறது. கதவு இல்லை. கதவைத் தின்றாயிற்று! சவரி முக்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். "அக்கா! சாவலக்கா! செத்துப்போவல!" அடுக்களையிலிருந்து, "யாருடா?" "ஈஸ்ட்டுக்கா! கதவு செஞ்சிகினு இருக்கு!" அப்புறம் அக்காவின் குரல், ரொம்ப மெதுவாக, "மாதாவே, இவனுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது" என்றது.

ஆகா, ஆகா! அவனுக்கு உடம்பெல்லாம் குதித்தது. இதோ இந்தச் சும்மா கிடக்கிற மாவுக்குள் கோடி கோடியாகத் தச்சன்கள், கொல்லன்கள், ஒரே அமளி, பழைய உத்தரவைக் கிழித்துப் போடு, மால்ட்டோஸ் வந்திருக்கிறதாம், கத்தி அடி, கதவு இழை, யாரங்கே, கீல் எங்கே! மேலே பார்த்தால் சலனமில்லை. பேசினின் விளிம்பில் காதை வைத்துக் கேட்டான். சத்தம் கேட்டது என்று அவன் அப்புறம் சொன்னான், மிகச் சன்னமாக, இழைப்புளி இழைக்கிற சத்தம். நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம்? அதை அவள் சொன்னாளா? கேட்டேனே, திரும்பக் கதவு செய்ய எவ்வளவு நேரமாகும் மேடம் என்று. "அது எவ்வளவு காலமா இனிப்புலேயே கிடந்துச்சோ அதைப் பொறுத்தது" என்றாள். வியாழன், வெள்ளி, சனி. நாற்பத்தாறு வருஷம். சீ, நான் மாவைப் பற்றி யோசிக்கிறேன். இரண்டு மணி அடித்துவிட்டது கோயிலில். அப்புறம் உருட்டவேண்டும், மறுபடி ஊறவிடவேண்டும், அடுப்பில் போகவேண்டும். நாலு மணிக்கு அவள் வந்து நிற்கும்போது தட்டில் என்ன இருக்கும், தச்சன்களைப் பற்றிய கதையா? அவள் கதையை அவளுக்கே சொல்லவா? குஸ்தாவ் முசே வேறு, பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர், ரொட்டி என்றால் உலகத்தில் அவர் ஒருத்தர் நாக்குதான் நாக்கு என்று நினைக்கிறவர்.

அக்கா வந்தாள். ஒரு கையில் சர்க்கரை டப்பா, இன்னொரு கையில் காலிப் பேசின். மாவைப் பாதியாக அறுத்தாள், ஒரு பாதியைக் காலிப் பேசினில் போட்டாள், டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். "அது கதவு செய்யட்டும், இது ரொட்டி ஆவட்டும். ரெண்டுல எது வேணுமோ குடுத்துக்கோ. வூட்டுக்கு வந்தவங்க வாயில ஒண்ணும் போடாம அனுப்பறதுக்கு நான் இன்னா செத்தா ஒழிஞ்சேன்?" சவரி டப்பாவைப் பார்த்தான். நான் போடவில்லை, என் கை போடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டான். பிசைந்தான். பிசையும்போது பாவம் செய்கிற ருசி இருந்தது, விரலிடுக்கில் நறநற என்று. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்! அந்தப் பாதி எழும்பின எழும்பல் இருக்கிறதே! பிஸ்கோத்து என்று ஒரு பூனை அந்த வீட்டில், சூடாக இருக்கிறது என்று துணி மூடின பேசின் மேல் ஏறிப் படுத்தது. படுக்கும்போது ஜன்னல் அதற்கு மேலே இருந்தது. கண்ணை விழித்தபோது ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடிப்புறா தெரிந்தது. பூனை நகரவேயில்லை, மாவுதான் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்துப் பேசினில் மற்றப் பாதி அப்படியே, தட்டையாக, வாயை மூடிக்கொண்டு.

சவரி எழும்பினதை உருட்டி அடுப்பில் தள்ளினான். வாசனை வந்தது. எப்படிப்பட்ட வாசனை, தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் பெடலை மறந்து நின்றார். ரொட்டி வெளியே வந்தது. பொன் நிறம், இல்லை, பொன்னைவிடக் கொஞ்சம் கூடின நிறம், அதுதான் காட்டிக்கொடுக்கிற நிறம், தட்டினால் டொக்கென்றது. என்ன அழகு! இதைக் கொடுத்தால் என்ன? மனுஷன் ஒரு பொய்யாவது சொல்லாமல் கல்யாணம் செய்திருக்கிறானா? ஒரே கடியில். கண்டுபிடித்தால் சிரிப்பாள், அவ்வளவுதானே, அந்தச் சந்து தெரியச் சிரிப்பாள். சிரிக்காவிட்டால்? கண்டுபிடிக்காமலே போனால்? அதுதான் அதைவிட மோசம். கண்டுபிடிக்காமல், நல்லாருக்கு என்று சொல்லி, சரி என்று சொல்லி, கோயிலில் மோதிரம் மாற்றி, இந்த வீட்டுக்கு வந்து, தினம் காலையில் இந்தப் பொய் ரொட்டியைத் தின்றுகொண்டு, இவன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அக்கா முள் எடுத்துக்கொண்டு. ஒன்றுமே மாறாது. எல்லாக் காலத்துக்கும் ஒரு கை சர்க்கரை. அந்த நினைப்பு வந்ததும் ரொட்டித் தட்டை அந்தப் பக்கம் தள்ளினான். தட்டையான பேசினைப் பார்த்தான். எழுந்திரு. எழுந்திருடா. நீ எழுந்தால்தான் எனக்கு நம்பிக்கை. கோயில் மணி நாலு அடித்தது.

வாசலில் குஸ்தாவ் முசே வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்தார், கைத்தடி முன்னால், மீசை பின்னால், லெயோனி அதற்கும் பின்னால். "போன்ழூர் தம்பி, போன்ழூர்! இது இன்னா வாசனை, நான் பிரான்சுல, துலோன் துறைமுகத்துல கப்பல் இறங்கினப்ப வந்த வாசனை!" என்றார். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தார், வெட்டுமுன் பிய்த்தார், கண்ணை மூடி மென்றார். "லெயோனி, இதுதான்! இதுதான்மா அசல்! சக்கரை ஒரு தூள் கிடையாது. எனக்குத் தெரியும், என் நாக்கை ஏமாத்த ஒருத்தன் பொறக்கல." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். லெயோனி கையை நீட்டினாள். அவள் விரல் ரொட்டியைத் தொட்டது. ஒரு துண்டு பிய்ந்தது. துண்டு மேலே போனது. சவரியின் மண்டைக்குள் அந்த நேரத்தில் ஒன்றுமே ஓடவில்லை, அதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும், இவ்வளவு நேரம் ஓடினது எல்லாம் ஒரே வெள்ளையாகிப் போனது, வாய் தானாகக் கத்தியது. "அது உங்களுக்கு இல்ல!" பாய்ந்து அவள் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிவிட்டான். மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டில் யாரும் இப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. லெயோனி வெறுங்கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குஸ்தாவ் முசே மட்டும் பூரித்துப்போனார். "விடும்மா, எனக்குன்னே செஞ்சிருக்கான். மரியாதை தெரிஞ்ச புள்ள" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களோடது உள்ள இருக்கு, வந்து பாருங்க" என்றான் சவரி, குரல் கிறீச்சென்று. பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துணியைத் தூக்கினான். தட்டை. அவள் எதுவும் சொல்லுமுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், வியாழக்கிழமை ஸ்பூன், வெள்ளிக்கிழமை ஸ்பூன், ராஜா தங்கம் என்று கொஞ்சினது, பாதி அறுத்தது, ஒரு கை சர்க்கரை, மாமா தின்றுகொண்டிருப்பது. சொல்லிவிட்டு, இவள் இப்போது குடையை எடுத்துக்கொண்டு போவாள், போகட்டும், குடை வாசலில் இருக்கிறது, வெயிலாயிற்றே, விரித்துக்கொண்டு போகட்டும் என்று அவன் மனசு குடை வரைக்கும் போய்விட்டது. லெயோனி பேசினின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், நல்ல பட்டுப்புடவையோடு, மாவு சிந்தின தரையில். கை பறக்க ஆரம்பித்தது. "ரெண்டு நாளா சர்க்கரையிலயா? அப்புறம் இதுல போட்டீங்களா? கொஞ்சம் ஏறி அப்படியே நின்னுச்சா? ஐயோ சவரி சார், என் பிள்ளைங்களுக்கு இதைக் காட்டணும்னு நான் குடுவையும் மீட்டருமா வருஷாவருஷம் முட்டிக்கிறேன், நீங்க ஒரு பேசின்ல செஞ்சு வச்சிருக்கீங்க!" "நீங்க சாப்பிடணும்னு செஞ்சது மேடம், பாடம் நடத்த செய்யல." "இது எவ்வளவு நேரமா நிக்குது?" "பொழுதுக்கும்." "அப்ப இருங்க. எங்கயும் போகாதீங்க."

அவனும் தரையில் உட்கார்ந்தான். நடுவில் பேசின். இதுவரை தனியாகப் பார்த்ததை இப்போது இரண்டு பேர் பார்த்தார்கள், வேறொன்றும் மாறவில்லை, ஆனால் அவன் மனசு ஓடுகிறதை நிறுத்தி அவள் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது. அவள் கையில் சாக்பீஸ் தூள். நகத்தில் மஞ்சள். இவளுக்கும் பயமாயிருக்குமா? நாற்பத்துநாலு வயதில், ஒரு ரொட்டிக்காரன் பின்கட்டில். மெல்லக் கேட்டான். "மேடம், மனுஷனுக்கும் இப்படி ஒரு கதவு இருந்து, ரொம்ப காலம் அது இல்லாமலே போயிட்டா... திரும்பச் செய்ய முடியுமா?" எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் இதற்கு மட்டும் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாது. நான் ஈஸ்ட்டுதான் படிச்சிருக்கேன். மனுஷனைப் படிக்க நேரமே இல்லாம போச்சு." அப்புறம் மூச்சு விடுகிற மாதிரி, "நீங்க எங்கிட்ட கேட்டப்போ பதில் சொல்ல வரல எனக்கு. அதான் ரொட்டின்னு ஏதோ உளறினேன். நீங்க நிஜமாவே செய்வீங்கன்னு நினைக்கல" என்றாள். முன்பக்கத்திலிருந்து குஸ்தாவ் முசேயின் குறட்டை கேட்டது, திருப்தியான, சர்க்கரை போட்ட குறட்டை.

அவள்தான் முதலில் பார்த்தாள். "அங்க! அந்த ஓரத்துல!" ஒரு குமிழி. மிளகு அளவு. சவரி மூச்சைப் பிடித்தான். பக்கத்தில் இன்னொன்று. மாவின் தோல் இறுகிப் பளபளத்தது. அவன் மத்தியானம் குத்தின குழி மெல்ல மெல்ல, வெட்கப்படுகிற மாதிரி, நிரம்பிக்கொண்டு மேலே வந்தது. லெயோனி அவன் தோளில் ஒரு அடி அடித்தாள், ஆர்வத்தில்தான், ஆனால் நல்ல அடி. "அக்கா! எழுந்திரிச்சிடுச்சுக்கா!" என்று இவன் கத்த, "எழுந்திரிச்சிடுச்சு அண்ணி!" என்று அவளும் கத்த, புருஷனுடைய அக்காளைக் கூப்பிடுகிற அந்த அண்ணி என்ற சொல் வாயை விட்டு வந்தபிறகுதான் அவளுக்கே காதில் விழுந்து, கத்தின வாயை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். யாரும் யாரையும் திருத்தவில்லை.

ரொட்டி வர சாயங்காலம் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் கோணல், அடியில் கொஞ்சம் கருகல், நிறமும் வெளிர், பொன்னும் இல்லை ஒன்றும் இல்லை. லெயோனி ஒரு துண்டு வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். சவரிக்குக் காலும் கையும் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. விழுங்கினாள். "முசே சவரி" என்றாள், முதல்தடவையாக அப்படிக் கூப்பிட்டு, "எனக்கு இது நாளைக்கும் வேணும்." "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு" என்றான் மடையன். அக்கா கரண்டிக் காம்பால் அவன் முதுகில் குத்தினாள். "கடையில கேக்கலடா அவ. வூட்டுல கேக்கறா."

அவ்வளவுதான் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், சாப்பாட்டில் குறை சொல்லமுடியாது. ஒரே ஒரு சங்கடம். குஸ்தாவ் முசே இன்றைக்கும் கடற்கரைச் சாலையில் கண்ணில் படுகிறவனையெல்லாம் நிறுத்தி, சர்க்கரையே இல்லாத அசல் ரொட்டியை வாழ்க்கையில் இரண்டே இடத்தில் தின்றேன், ஒன்று துலோன், இன்னொன்று என் மருமகள் புருஷன் கடை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் தின்றது எது என்று உங்களுக்குத் தெரியும். கைத்தடி தேக்கு, பூண் பித்தளை, வயசானாலும் வீச்சு குறையவில்லை. ஆகவே விஷயத்தை ஊரெல்லாம் சொல்லுங்கள், பூனை கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ, திண்டிவனத்தில் இறங்கிவிட்டான், முகம் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள்.